முள் அசையாத இடைவேளை

என் வீட்டுக்காரருக்கு வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர் வெந்நீர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி ஓரிடத்தில் நிற்கமாட்டார், அதனால். தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் இருக்கிற ஆளுக்கு இப்படி ஒரு பெயர் அமைந்தது அங்கே உள்ளவர்களுக்கு இன்றுவரை அலுக்காத வேடிக்கை. வீட்டுக்கு போன் செய்து, வெந்நீர் இருக்காருங்களா என்று கேட்பார்கள். இல்லை, ஆறவைக்க வெளியே எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று நானும் சொல்லுவேன்.

சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பார். பல் தேய்த்துக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்குவார். கல்யாணமான புதிதில் என்னை சினிமாவுக்குக் கூட்டிப்போனார். கடைசி வரிசையில் என்னை உட்கார வைத்துவிட்டு, அவர் கதவோரத் திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றே படம் பார்த்தார். டிக்கெட் கிழிப்பவர் யாரோ புது ஆள் வேலைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து, டார்ச் லைட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இவரும் மறுபேச்சு பேசாமல் லேட்டாக வந்த நாலு பேருக்கு இடம் காட்டினார். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, இந்த மனுஷனோடு சேர்ந்து உட்கார்ந்து எதையும் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று.

அவர் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தண்ணீர்த் தொட்டி கிடையாது. நிலையத்திலிருந்து நேராகக் குழாய்க்கு வரும். நிலையத்தில் நீளமாக ஒரு அறை, உள்ளே பம்புகள் உறுமிக்கொண்டே இருக்கும். சுவரில் வட்டமாக ஒரு பிரஷர் மீட்டர், அதில் சிவப்பாக ஒரு முள். ஊரில் குழாய்களைத் திறக்கத் திறக்க முள் இறங்கும். ரொம்ப இறங்குவதற்குள் இரண்டாவது பம்பை ஓட விட வேண்டும். தாமதித்தால் மேல்மாடிக் குடித்தனக்காரர்கள் தலை நிறைய நுரையோடு நின்று திட்டுவார்கள். அவசரப்பட்டு ஓட விட்டால் எங்காவது பழைய குழாய் விரிசல் விட்டுத் தெருவில் தண்ணீர் ஓடும். அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்துத்தான் இவர் இப்படி ஆனாரா, இப்படிப்பட்ட ஆள் என்பதால்தான் அந்த முள் இவருக்கு வாய்த்ததா, எனக்குத் தெரியாது.

அந்த அறையில் டிவி கிடையாது. ரேடியோ வைத்தாலும் பம்பு சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஆனாலும் டிவியில் எது ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்று எங்கள் ஊரில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு நாள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"உன் சீரியல்ல அந்த மாமியாக்காரி செத்துட்டாளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்குத்தான் செத்திருந்தாள். எப்படித் தெரியும் என்றால், விளம்பரம் விடும் வரைக்கும் ஊரில் ஒருத்தர்கூடக் கை கழுவ எழுந்திருக்கவில்லையாம், விட்டதும் முள் தொபுக்கென்று விழுந்ததாம். இன்னொரு நாள், அந்தப் பாட்டுப் போட்டியில் புதுசாக யாரையோ நடுவராகப் போட்டிருக்கிறார்கள் போல, பாதி நிகழ்ச்சியிலேயே ஊரெல்லாம் பாத்திரம் கழுவப் போய்விட்டது என்றார். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

தேர்தல் முடிவு, பெரிய போட்டியின் கடைசி ஆட்டம், வருஷக்கணக்காக இழுத்த தொடரின் முடிவு, இப்படி ஊரே டிவி முன்னால் உட்காருகிற நாளில் அவருக்கு லீவு கிடையாது. பெரிய இன்ஜினியர் அவரைத்தான் டியூட்டி போடுவார். அதனால் ஊரே பார்த்த எந்த நிகழ்ச்சியையும் அவர் பார்த்ததில்லை. ஆனால் அத்தனை பேர் ஏன் பார்க்கிறார்கள் என்பதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. முடிவு தெரியாத வரைக்கும்தான் மனுஷன் உட்கார்ந்திருப்பான், தெரிந்த மறுநிமிடம் குழாயைத் திறந்துவிடுவான் என்பார்.

என் கட்சி வேறு. நான் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். காத்திருக்கிறவர்களுக்காக எங்கள் ஹாலில் ஒரு டிவி மாட்டியிருக்கிறது. ஒருத்தர் அண்ணாந்து பார்த்தால் பக்கத்தில் இருப்பவரும் பார்ப்பார், பிறகு வரிசையே பார்க்கும். முதலில் பார்த்தவர் டாக்டர் அறைக்குள் போய்விட்டாலும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள், எதற்கென்று அவர்களுக்கே தெரியாது. நாலு பேர் பார்க்கிறார்கள், நாளைக்கு அதைப் பற்றிப் பேசுவார்கள், நாம் மட்டும் முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான். யாரும் பார்க்காததை யாரும் பார்ப்பதில்லை. இதை நான் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். தட்டும் கையுமாக நடந்துகொண்டே வாதாடுவார்.

எங்களுக்கு ஒரே மகள். படிப்பை முடித்துவிட்டு நடிப்பு, நாடகம் என்று அலைந்துகொண்டிருந்தாள். இந்த விஷயத்தில் அப்படியே அப்பா. எங்கே கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், கூட்டத்தில் நடக்கிற பெண்ணாக, கல்யாண வீட்டில் தட்டு ஏந்துகிற பெண்ணாக நின்றுவிட்டு வருவாள். ஓடிய படத்தில் அவள் தோள் மட்டும் தெரியும். ஆஸ்பத்திரியில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, பெரிய டாக்டரிடம் சொல்லி அதை அவளுக்காகப் பிடித்து வைத்திருந்தேன். அப்போதுதான் அவளுக்கு அந்தக் குடை விளம்பரம் கிடைத்தது. அதில் அவள் ஒருத்திதான். மழையில் ஒரு பஸ் ஸ்டாப், குடையோடு நிற்கிறாள், நனைந்துகொண்டு நிற்கிற யாரையோ பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்கிறாள். அதைக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் முதல் விளம்பரமாகப் போடப்போகிறார்கள் என்றாள். எங்கள் நாட்டு அணி முதல் தடவையாக இறுதிக்கு வந்திருந்தது. நாட்டிலேயே அதிகம் பேர் பார்க்கப்போகும் நேரம் அதுதான் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்களாம்.

போனில் காட்ட வந்தாள். நான் பார்க்கவில்லை. டிவியில் வரட்டும், ஊரோடு சேர்ந்து பார்க்கிறேன் என்றேன். அதோடு விடாமல் ஒரு நிபந்தனையும் போட்டேன்.

"ஊர் பாத்து நாலு பேர் உன்னைப் பத்திப் பேசட்டும், உன் இஷ்டத்துக்கு விட்டுடறேன். இல்லைன்னா என் பக்கத்துல வந்து உக்காரு."

சரிம்மா என்றாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதிலேயே, ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிறாள் எனத் தெரிந்தது.

அவள் அப்பா கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். பிறகு சமையலறைக்கு வந்து, குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இடைவேளையில ஊரே பாத்ரூம்ல இருக்கும்மா," என்றார் என்னிடம் மெதுவாக. "விசில் அடிச்சதும் முள்ளு கீழ போயிடும். அது ஏறி வர வரைக்கும் டிவி முன்னாடி யாருமே இருக்கமாட்டாங்க. முதல் விளம்பரமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது, பக்கத்து நாற்காலி வீணாகப் போகாது. அவரிடம், போய் அவளிடமே சொல்லுங்களேன் என்றேன். அதை எப்படிச் சொல்லுவது என்று கேட்டுவிட்டு வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அந்த வாரம் முழுக்க இதே கதைதான். படுக்கையில்கூடப் புரண்டுகொண்டிருந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார், எங்கே போனார் என்று தெரியாது.

எங்கே போனார் என்று மேல்வீட்டு டிரைவர் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. மனுஷன் தெருத் தெருவாகப் போயிருக்கிறார். டீக்கடை, சலூன், பஸ் டிப்போ, மார்க்கெட் என்று ஒன்று விடவில்லை. ஆட்டம் பார்க்கும்போது இடைவேளைக்கு முன்னாலேயே பாத்ரூம் போய்விட்டு வந்துவிடுங்கள், இடைவேளையில் மட்டும் எழுந்திருக்காதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏன் என்று சொல்ல வெட்கம். தண்ணீர் நிலையத்துக்காரர் இடைவேளையில் எழுந்திருக்காதே என்றால் ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்? இடைவேளையில் தண்ணீர் நிறுத்தப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பிவிட்டது. மேல்வீட்டு டிரைவரின் மனைவி வாளி, அண்டா, மீன் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து நிரப்பிக்கொண்டிருந்தாள். என் அக்கா போன் செய்து, சொந்தத் தங்கச்சியிடம்கூடச் சொல்லாமல் மறைக்கிறாயே என்று சண்டைக்கு வந்தாள்.

ஆட்டத்துக்கு முதல் நாள் ஊரே தண்ணீர் பிடித்ததில் முள் பட்டப்பகலில் கீழே போயிருக்கிறது. பெரிய இன்ஜினியர் அவரைக் கூப்பிட்டு, இத்தனை வருஷ அனுபவத்தில் புரளி கிளப்பக் கற்றுக்கொண்டீரா என்று கேட்டாராம். அப்போதும் காரணத்தைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது முகம் சுருங்கியிருந்தாலும் கண்ணில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. ஊர் முழுக்கத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டதே, நாளைக்கு யாரும் குழாய்க்கு ஓட வேண்டியதில்லையே என்றார். அவர் கணக்கு அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியமே எங்கள் கூடம் நிரம்பிவிட்டது. அக்காவும் அவள் வீட்டுக்காரரும், மேல்வீட்டுக் குடும்பம், எதிர்வீட்டு டீச்சர், அவளுடைய மாமனார், மகளுடைய சிநேகிதிகள். பாதிப் பேருக்குக் கால்பந்து ஒன்றும் தெரியாது. அக்கா, எந்தப் பக்கம் நம்ம பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாரும் குடைக்காகத்தான் வந்திருந்தார்கள். மகள் தரையில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். டிவியில் வருவதைப் படம் பிடிக்க போனைத் தயாராகக் கையில் வைத்திருந்தாள். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது, அப்பாவின் கால் மாதிரியே. அவர் காலையிலேயே நிலையத்துக்குப் போயிருந்தார்.

இடைவேளைக்கு முன்னால் கடைசி நிமிடங்கள். எங்கள் அணியில் நெட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு ஆட்டக்காரன் பந்துக்காக எகிறினான், எதிராளியின் தலையோடு மோதி, அப்படியே மரம் சாய்கிற மாதிரி விழுந்தான். எழுந்திருக்கவில்லை. நடுவர் ஓடி வந்தார், டாக்டர்கள் ஓடி வந்தார்கள். இடைவேளை விசில் அடித்தாகிவிட்டது, ஆனால் மைதானத்தை விட்டு ஒருவரும் போகவில்லை. இரண்டு அணிக்காரர்களும் கலந்து அவனைச் சுற்றி நின்றார்கள். அதுவரை வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருந்த வர்ணனையாளர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கேமரா நகரவே இல்லை. ஆட்களின் கால்களுக்கு நடுவில் அவன் ஒரு கை மட்டும் புல்லில் தெரிந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. மேல்வீட்டு டிரைவர் யாருக்கோ போன் செய்து, டிவியைப் போடு, டிவியைப் போடு என்று கிசுகிசுத்தார். எதிர்வீட்டு டீச்சருக்கு யாரோ போன் செய்து அதையே சொன்னார்கள். ஊரெல்லாம், நாடெல்லாம் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். மறுநாள் பேப்பரில் போட்டிருந்தார்கள், இதுவரை எந்த நிகழ்ச்சியையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லையாம். ஆட்டத்துக்காகச் சேர்ந்த கூட்டம் இல்லை அது. முன்பின் தெரியாத ஒரு பிள்ளை எழுந்திருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் யாராலும் நகர முடியவில்லை. நான் என் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த நாற்றம் வந்தும் சமையலறைப் பக்கம் போகவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அந்தக் கை அசைந்தது. விரல்கள் மடங்கின. பிறகு கட்டைவிரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினான். எங்கள் கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் அழுதார்கள், எதிர்வீட்டு மாமனார் உட்பட. இடைவேளை நேரமெல்லாம் மைதானத்திலேயே கழிந்துவிட்டதால், அவனைத் தூக்கிக்கொண்டு போன கையோடு இரண்டாம் பாதி ஆட்டம் தொடங்கிவிட்டது. விளம்பரம் ஒன்றுகூட வரவில்லை. ஒருத்தன் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கும்போது யாரால் குடை விற்க முடியும்?

அது எனக்கே அப்போதுதான் உறைத்தது. மகளைப் பார்த்தேன். அவள் போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவளுக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அறையில் ஒவ்வொருவராக அவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள், பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது.

பம்பு சத்தத்தில் பேசிப் பேசி அவருக்குக் கத்தித்தான் பழக்கம். ஸ்பீக்கர் போடாமலே கூடம் முழுக்கக் கேட்டது.

"அம்மாடி, ஒருத்தர்கூட எந்திரிக்கலம்மா! முள்ளு அப்படியே நிக்குது. ரெண்டாவது பம்பைப் போட்டுட்டு, பிரஷர் மேல போயி, நானே நிறுத்த வேண்டியதாப் போச்சு. ஊரே உன்னைத்தான் பாத்துச்சு."

நான் அவளைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். அவள் ஒரு கணம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமாப்பா," என்றாள். "ஒருத்தரும் எந்திரிக்கல. நானும் எந்திரிக்கல."

போனை வைத்துவிட்டு, தீய்ந்த பால் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள். அவளிடம் அப்படி ஒரு பக்குவம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நான் கூடத்தில் கிடந்த டம்ளர்களைப் பொறுக்கினேன். ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம், அதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவர் வந்தார். மாடிப்படியில் அவர் விசில் அடித்துக்கொண்டு வருவது கேட்டது. மேல்வீட்டு டிரைவர் எதிரில் இறங்கியிருக்கிறார் போல. நெட்டை பிழைத்துவிட்டான், பாவம் உங்கள் பெண் விளம்பரம்தான் போய்விட்டது என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. விசில் நின்றது. அதற்குப் பிறகு படியேறி வர அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. உள்ளே வந்தபோது கையில் ஒரு புதுக் குடை இருந்தது, அந்தக் கம்பெனிக் குடைதான், வழியில் வாங்கியிருக்கிறார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவு மூலையில் சாத்தினார். அது சரிந்து விழுந்தது. மறுபடி சாத்தினார்.

மகள்தான் பேச்சை எடுத்தாள். எல்லாரும் பார்த்தது நிஜம்தானே அப்பா என்றாள், சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை.

"இடைவேளை விட்டா முள்ளு இறங்கும். இறங்கலைன்னா விடலைன்னு அர்த்தம். இது தெரியாதவனா நான்? முள்ளு சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் எனக்கு வேணுங்கிறதைப் படிச்சுக்கிட்டேன்."

அதோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டில் போட்டுக் கொடுத்ததை உட்கார்ந்தே சாப்பிட்டார். கல்யாணமான நாளாக, ஒரு இடத்தில் உட்காருங்கள் என்று கத்தியவள் நான். அன்றைக்கு அவர் உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மறுநாளும் உட்கார்ந்தார், அதற்கு மறுநாளும். தட்டோடு நடக்கும்போது சிந்துகிற பருக்கைகள்கூட இல்லை. வீடு சுத்தமாக இருந்தது, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருக்குப் பதிலாக நான் நடக்க ஆரம்பித்தேன்.

நிபந்தனைப்படி நான் ஜெயித்துவிட்டேன். மகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வியாழக்கிழமை மதியம் வந்து வேலையில் சேருகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். அதே வியாழக்கிழமை காலையில் ஒரு சங்கதி வந்தது. விட்டுப்போனதற்கு ஈடாக டிவிக்காரர்கள் அந்த விளம்பரத்தை ஒரே ஒரு தடவை போடப்போகிறார்கள், முட்டிவலிக்கு டாக்டர் ஆலோசனை சொல்லும் காலை நிகழ்ச்சியின் நடுவில். யாரும் பார்க்காத நேரம் அது, விடும்மா என்று மகள் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ள வேண்டிய நீலக் கோட்டை இஸ்திரி போட ஆரம்பித்தாள். ஆனால் நான் போய் கவுன்டரில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் அவர் சைக்கிள் மணி கேட்டது. வீட்டில் மகள் எதிரில் நின்று பார்க்க முடியாமல் இங்கே வந்திருக்கிறார். நிலையத்தில் சொந்தக் காரணத்துக்கு அவர் லீவு எடுத்தது அதுதான் முதல் தடவை.

டோக்கன் இல்லாமல் ஹாலில் உட்கார எங்கள் வாட்ச்மேன் விடமாட்டார். அதனால் ஒரு டோக்கனைக் கிழித்து அவர் கையில் கொடுத்து, டிவிக்கு நேராக இருக்கிற வரிசையைக் காட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அது சொட்டு மருந்து வரிசை. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் கண்ணில் மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லும் வரிசை. முழு வரிசையும் கண்ணை மூடிக்கொண்டு தலையை அண்ணாந்து வைத்திருந்தது. டிவியில் ஒரு டாக்டர் முட்டியை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார், பார்ப்பதற்கு ஆளில்லை. இவர் போய் நடுவில் உட்கார்ந்தார். நான் இந்தப் பக்கம் ஒருவருக்குச் சீட்டு எழுதிவிட்டு நிமிர்வதற்குள் நர்ஸ் அந்த வரிசைக்கு வந்துவிட்டாள். இவர் கையில் டோக்கனைப் பார்த்தாள், நெற்றியில் கை வைத்துத் தலையைச் சாய்த்தாள், ஒரு சொட்டு விட்டாள்.

இவர் துள்ளி எழுந்தார். நர்ஸ், பெரியவரே இன்னொரு கண் இருக்கிறது என்று பின்னாலேயே வந்தாள். அந்த நேரத்தில் டிவியில் மழை பெய்தது.

எரிகிற கண்ணை ஒரு கையால் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார் அவர். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், நடக்கப் புறப்பட்ட நிலையிலேயே. நான் டிவியைப் பார்த்தேன். மழையில் பஸ் ஸ்டாப். எங்கள் வீட்டுப் பெண். யாரோ நனைகிறவரைப் பார்க்கிறாள், குடையைக் கொஞ்சம் சாய்க்கிறாள்.

"வாங்க, இடம் இருக்கு," என்றாள்.

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நடிப்பென்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது, தன் கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டு இதே மாதிரிதான் சிரித்தாள். கவுன்டரில் ஆட்கள் காத்திருந்தார்கள், உள்ளேயிருந்து அடுத்த டோக்கனை அனுப்பு என்று டாக்டர் மணியை அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. ஹாலில் ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை, நாளைக்கு இதைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை, ஆனாலும் என் கண் நகரவில்லை. திரையில் மறுபடி முட்டிவலி டாக்டர் வந்த பிறகுகூட நான் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் திறக்காமலே, யாரும்மா அது, குரல் நல்லாருக்கே என்று கேட்டார். எம் பொண்ணுங்க என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

வெந்நீர் கவுன்டருக்கு வந்தார். பொத்தின கையை எடுக்கவில்லை.

"எத்தனை பேர் பாத்தாங்க?" என்றார்.

"ரெண்டு பேர்," என்றேன்.

"ஒண்ணரைன்னு வெச்சுக்கோ," என்று பொத்தின கண்ணைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் செய்த முதல் கேலி அது. சொல்லிவிட்டு, நர்ஸ் மறுபடி பிடித்துவிடப் போகிறாள் என்று ஹாலைக் கடந்து வாசலுக்கு நடந்தார், வாசலிலிருந்து திரும்பி வந்தார், மறுபடி போனார்.

நான் பெரிய டாக்டர் அறைக்குப் போய், பக்கத்து நாற்காலிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குக் கோபம்தான், இத்தனை நாள் பிடித்து வைத்துவிட்டு இப்போது சொல்கிறாயே என்றார். வாங்கிக்கட்டிக்கொண்டு வெளியே வந்து மகளுக்கு போன் செய்தேன். கோட் இஸ்திரி போட்டாகிவிட்டது, கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்றாள். நீ வர வேண்டாம் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏம்மா? ஊர் பாத்தாத்தானே விடுவேன்னு சொன்ன. யாரும்மா பாத்தாங்க?"

"நான் பாத்தேன்டி."